கன்னியரும் மருத்துவமும்: 1936இன் அனுமதிக்குப் பின்னால் இருந்த ராவல்பிண்டி

கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் மருத்துவமனை இந்திய நகரங்களில் இன்று இயல்பான காட்சி. ஆயினும் 1936 வரை, பொது வார்த்தைப்பாடு கொடுத்த ஒரு கன்னியர் மருத்துவராகத் தொழில் செய்யவோ பேறுகாலம் பார்க்கவோ உரோமை பொது அனுமதி அளித்ததில்லை. அந்த அனுமதி பிறந்த வரலாற்றில் இந்தியத் துணைக்கண்டத்துப் பெண்களுக்கு ஒரு முக்கிய இடமுண்டு.

தடையின் வேர் பழையது. 1215இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், மேல்நிலைக் குருக்கள் அறுவை மருத்துவம் செய்வதை விலக்கியது. 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, திருப்பீடத்தின் தனி அனுமதியின்றிக் குருக்கள் மருத்துவம் செய்யலாகாது என்று விதித்து, அதனைத் துறவியருக்கும் விரித்தது. மகப்பேற்றுப் பணி கற்பு வார்த்தைப்பாட்டுக்குப் பொருந்தாது என்ற கருத்தும் வலுவாக இருந்தது. நோயாளியைப் பேணலாம், மருத்துவராகவோ தாதியாகவோ பிரசவ அறைக்குள் நுழையலாகாது.

இந்தியச் சூழலோ வேறு. கோஷா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்வதில்லை. இதனை உணர்ந்த சீர்திருத்தச் சபையார் முந்திக்கொண்டனர். கிளாரா சுவைன் 1870இல் பரேலிக்கு வந்தார். சென்னையின் கோஷா மருத்துவமனை 1885இல் தோன்றியது. எடித் பிரவுன் 1894இல் லூதியானாவிலும், ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரிலும் பெண்களுக்கு மருத்துவக் கல்வியைத் தொடங்கினர். கத்தோலிக்கச் சபைகளிடம் கன்னியர் இருந்தனர்; சட்டம் அவர்கள் கைகளைக் கட்டியிருந்தது.

இந்த முரணை உரோமைக்கு எடுத்துரைத்தவர் எடின்பரோவின் ஆக்னஸ் மெக்லாரன். 1878இல் மோன்பெலியேவில் மருத்துவப் பட்டம் பெற்று, அறுபது வயதைக் கடந்தபின் கத்தோலிக்கரானவர். அவர் முயற்சியால் 1909இல் ராவல்பிண்டியில் புனித கத்தரீனாள் மருத்துவமனை எழுந்தது. பணிபுரிய மருத்துவக் கன்னியர் வேண்டுமென்று பலமுறை உரோமையில் மன்றாடியும் அனுமதி கிட்டாமலே 1913இல் மறைந்தார்.

அவருடைய கோரிக்கை இருவேறு வழிகளில் நிறைவேறியது. மெல்பர்னில் படித்த மருத்துவர் மேரி குளோரி, மெக்லாரனைப் பற்றிய சிறுநூலைப் படித்து 1920இல் குண்டூருக்கு வந்து கன்னியரானார். மருத்துவம் செய்யத் திருத்தந்தையின் தனி அனுமதி பெற்றார். இது விதிவிலக்கு என்னும் வழி. ஆஸ்திரியாவின் அன்னா டெங்கல் கோர்க் நகரில் மருத்துவம் பயின்று, 1920இல் ராவல்பிண்டி சென்றார். தனியொருவரால் ஆகாத வேலை இது என்று கண்டு, 1925இல் வாஷிங்டனில் இன்னொரு மருத்துவரோடும் இரு செவிலியரோடும் மெடிக்கல் மிஷன் சகோதரிகள் சபையை நிறுவினார். பொது வார்த்தைப்பாடு இல்லாத பக்திச் சங்கமாகவே அது பதிவாயிற்று. சட்டம் 'துறவி' என்ற சொல்லைப் பற்றியிருந்ததால், அச்சொல்லின் வரையறைக்கு வெளியே நின்று அவர்கள் பணியாற்றினர். மொழியியல் மாணவர்க்கு இது கூர்ந்து நோக்கத்தக்கது: வாழ்க்கை முறை ஒன்றே, வகைப்பெயர் மாறியதும் தடை விலகியது.

1936 பிப்ரவரி 11இல் விசுவாசப் பரப்புதல் பேராயம் வெளியிட்ட அறிவுரை, கன்னியர் மருத்துவமும் மகப்பேற்றுப் பணியும் கற்றுச் செய்வதை ஏற்றதோடு ஊக்கவும் செய்தது. 1943இல் மேரி குளோரி கத்தோலிக்க மருத்துவமனைச் சங்கத்தைத் தொடங்கினார். 1948இல் அன்னை தெரேசா கொல்கத்தாச் சேரிகளுக்குச் செல்லுமுன் அடிப்படை மருத்துவப் பயிற்சி பெற்றது, பாட்னாவில் டெங்கல் சபையினரின் திருக்குடும்ப மருத்துவமனையில்தான்.

நிறுவன வரலாறுகள் நிறுவனர்களை மையமாகக் கொண்டே எழுதப்படுகின்றன. மெக்லாரனின் உறுதியும் டெங்கலின் திறனும் போற்றத்தக்கவை. ஆனால் அவ்விருவர் வாதத்துக்கும் அடிப்படை, ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களின் நிலை. அது அவர்தம் விருப்பமா, குடும்பத்தின் கட்டுப்பாடா என்று பிரித்தறிவது கடினம். இரண்டும் கலந்திருக்கலாம். எவ்வாறாயினும் ஏழு நூற்றாண்டுத் தடை தளர்ந்ததற்கு அந்த வாசற்படியும் ஒரு காரணம். மிஷன் எழுத்துகளில் இரக்கத்துக்குரியோராக மட்டுமே வரும் அப்பெண்களை, திருச்சபைச் சட்டத்தின் வரலாற்றில் காரணர்களாகவும் வைத்துப் படிப்பது ஆய்வாளரின் கடன்.