பியூக்கானன் என்றொரு முத்திரை

1930களில் அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து வந்த கவர் ஒன்று கையில் கிடைத்தால், அதன் முத்திரையைப் படிக்கப் பூதக்கண்ணாடி வேண்டியதில்லை. இடப்பக்கம் ஒரு வட்டம். மேல் விளிம்பில் கப்பலின் பெயர், நடுவில் தேதி. வட்டத்தை ஒட்டித் தபால்தலையின் மேல் விழும்படி தடித்த கோடுகள். அந்தக் கோடுகளுக்கு இடையே இருக்கும் சந்தில் எழுத்துகளைக் கோத்துக்கொள்ள வழி உண்டு. கப்பல் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறதோ அந்த ஊரின் பெயரையோ, அன்றைய விசேஷத்தையோ கப்பல் தபால்காரர் அதில் கோத்துக் குத்துவார். ஒரு போர்க்கப்பல் தன் பெயரையும் நிற்கும் இடத்தையும் தேதி போட்டு ஊரெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. அமைதிக் காலத்துச் சொகுசு!

கப்பலுக்குள்ளேயே தபால் நிலையம் நடத்த அமெரிக்கா சட்டம் செய்தது 1908-ல். தபால்காரரும் மாலுமிதான், உறுதிமொழி எடுத்துக்கொண்டு இந்த வேலையையும் சேர்த்துப் பார்ப்பார். 1932-ல் கப்பல் முத்திரை சேகரிப்போர் தனிச் சங்கமே தொடங்கிவிட்டார்கள். சொந்த முகவரி எழுதிய கவரை உள்ளே வைத்துக் கப்பலுக்கு அனுப்புவார்கள். அது முத்திரையோடு திரும்பி வரும். கப்பல் பணியில் சேர்ந்த முதல் நாள், பணியை விட்ட கடைசி நாள் முத்திரைகளுக்குத்தான் அடிபிடி.

யு.எஸ்.எஸ். பியூக்கானன் இந்தக் கூட்டத்தில் சாதாரணக் கப்பல். மெய்ன் மாநிலத்தின் பாத் அயர்ன் ஒர்க்ஸில் கட்டி, 1919 ஜனவரியில் நீரில் இறக்கி, அதே மாதம் பணியில் சேர்த்த நாசகாரி. சுமார் 96 மீட்டர் நீளம், நான்கு புகைபோக்கி, 12 டார்பிடோக் குழாய். முதல் உலகப் போருக்கென்று திட்டமிட்டு, பெரும்பாலும் போர் முடிந்த பிறகு வந்து சேர்ந்த தட்டையான மேல்தள நாசகாரிகள் 273. அவற்றில் இது ஒன்று. பெயர் மட்டும் கொஞ்சம் விசித்திரம். ஃபிராங்க்ளின் பியூக்கானன், அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியின் முதல் தலைவர். உள்நாட்டுப் போர் வந்ததும் தெற்குப் பக்கம் போய், ‘வர்ஜீனியா’ என்ற இரும்புக் கவசக் கப்பலைக் கொண்டு பழைய கடற்படையையே தாக்கியவர். அவர் பெயரையே அதே கடற்படை தன் கப்பலுக்கு வைத்தது. கொடி மாறியவரின் பெயரைத் தாங்கிய கப்பலும் ஒருநாள் கொடி மாறியது. பெயர்ப் பொருத்தம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்தக் கப்பலின் முத்திரைகளைத் தேதிவாரியாக அடுக்க உட்காருபவருக்கு முதலில் கண்ணில் படுவது ஓட்டைகள். 1922 ஜூனிலிருந்து 1930 ஏப்ரல் வரை ஒன்றும் கிடையாது. சான் டியேகோவில் ஆளில்லாமல் கட்டிப்போட்டிருந்தார்கள். ஆளில்லாத கப்பலில் தபால் ஏது? பிறகு பசிபிக் படையோடு சில ஆண்டு ஓட்டம். 1934 கோடையில் பயிற்சி மாணவர்களை ஏற்றிக்கொண்டு அலாஸ்கா பயணம். 1937 ஏப்ரலில் மறுபடி கட்டிப்போட்டு, ஐரோப்பாவில் போர் மூண்டதும் 1939 செப்டம்பர் 30-ல் மறுபடி எழுப்பினார்கள். கால்வெஸ்டனில் இருந்துகொண்டு மெக்சிகோ வளைகுடாவில் நடுநிலைக் காவல். அடுத்து கீ வெஸ்ட், ஃபுளோரிடா நீரிணை. கப்பல் பணியை விட்டதும் மறுபடி சேர்ந்ததும் எல்லாம் ஆல்பத்தின் வெற்றுப் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

1940 செப்டம்பர் 2-ல் ஒப்பந்தம்: பழைய நாசகாரிகள் 50 பிரிட்டனுக்கு, பதிலுக்கு நியூஃபவுண்ட்லாந்து முதல் டிரினிடாட் வரை தளம் அமைக்க அமெரிக்காவுக்கு 99 ஆண்டு உரிமை. செப்டம்பர் 9, கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் பியூக்கானன் கொடியை இறக்கியது. அன்றே எச்.எம்.எஸ். கேம்பெல்டவுன் ஆனது. பெயர் ஸ்காட்லாந்தின் சிற்றூர் ஒன்றுடையது.

பெயர் வந்தது, ஆனால் முத்திரையில் பெயர் போனது. போர்க்காலப் பிரிட்டிஷ் கப்பலிலிருந்து வரும் கடிதத்தில் எந்தக் கப்பல், எந்தக் கடல் என்று கண்டுபிடிக்க முடியாது. தணிக்கை அதிகாரியின் முத்திரை, கப்பல் பெயர் சொல்லாத பொது முத்திரை, அவ்வளவுதான். மாலுமிக்குப் பதில் எழுதுபவரும் பெயர், கப்பல், ‘மே/பா ஜி.பி.ஓ., லண்டன்’ என்றுதான் எழுத வேண்டும். சேகரிப்பாளருக்கு இது வறட்சிக் காலம். கப்பலின் வாழ்க்கையில் சொல்லும்படியான ஒரே சம்பவம் இந்த வறட்சியில்தான் நடந்தது.

பிரான்ஸின் சேன் நசேரில் நார்மண்டி என்ற பயணிகள் கப்பலுக்காகக் கட்டிய உலர்துறை, 350 மீட்டர் நீளம். ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலுக்கு அடிபட்டால் அட்லாண்டிக் கரையில் அதை ஏற்றிப் பழுதுபார்க்க வேறு துறை கிடையாது. இந்தத் துறையை உடைத்துவிட்டால் டிர்பிட்ஸ் அட்லாண்டிக்குக்கு வரத் தயங்கும் என்பது பிரிட்டனின் கணக்கு. டெவன்போர்ட்டில் கேம்பெல்டவுனின் இரண்டு புகைபோக்கிகளை வெட்டி எறிந்து, மீதி இரண்டின் தலையைச் சாய்வாகச் சீவி, ஜெர்மன் கப்பல் சாயலைக் கொடுத்தார்கள். லுவார் முகத்துவாரத்து மணல்திட்டுகளைத் தாண்டவேண்டுமே என்று எடையைக் குறைத்தார்கள். முன்பகுதியில் 24 ஆழ்நீர் குண்டுகளை எஃகுத் தொட்டிகளில் வைத்து, மேலே கான்கிரீட் போட்டு மூடினார்கள்.

1942 மார்ச் 28 அதிகாலை, ஜெர்மன் கொடியோடு, ஜெர்மன் மொழியில் விளக்குச் சமிக்ஞை கொடுத்துக்கொண்டே உள்ளே போனது. குண்டுமழை தொடங்கியதும் அந்தக் கொடியை இறக்கித் தன் கொடியை ஏற்றிக்கொண்டது. 1:34-க்குத் துறையின் கதவில் மோதியது. குறித்த நேரத்துக்கு நான்கு நிமிடம் தாமதம். முகப்பு சுமார் 11 மீட்டர் நசுங்கிக் கதவின் மேல் ஏறி நின்றது. கப்பல் தலைவர் ஸ்டீபன் பீட்டி சிறைப்பட்டார். இந்தக் கதவைச் சரிசெய்ய ரொம்ப நாள் ஆகாது என்று ஜெர்மன் அதிகாரி அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதே வெடித்தது என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, எதிர்பார்த்த நேரம் கடந்து, நண்பகலை நெருங்கும் வேளையில் கப்பல் வெடித்தது. சுற்றிப்பார்க்க ஏறியிருந்த ஜெர்மானியர்கள் பலர் மாண்டார்கள். அந்தத் துறை போர் முடியும்வரை வேலைக்கு ஆகவில்லை. இந்தத் தாக்குதலுக்குப் போன அறுநூற்றுச் சொச்சம் பேரில் மாண்டவர் 169. பீட்டி உட்பட ஐந்து பேருக்கு விக்டோரியா கிராஸ்.

சிறைப்பட்ட கடற்படையினர் ஜெர்மனியின் மார்லாக் முகாமுக்குப் போனார்கள். அங்கிருந்து அவர்கள் வீட்டுக்கு எழுதிய போர்க்கைதிக் கடிதங்களுக்குத் தபால்தலை தேவையில்லை. முகாமின் தணிக்கை முத்திரை விழும். வரிசையில் சேர்ப்பதானால் கேம்பெல்டவுன் பக்கத்தில் முதலில் சேர்க்கவேண்டியது இவற்றைத்தான் என்பேன். ஆனால் பட்டியல் போடுபவர்கள் இவற்றைப் போர்க்கைதித் தபால் என்று வேறு பெட்டியில் போட்டுவிடுகிறார்கள்.

வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சேன் நசேர் வெடிப்புக்கு ஒரு வாரம் முன்பு, 1942 மார்ச் 21-ல், அமெரிக்கக் கடற்படை இன்னொரு நாசகாரிக்கு பியூக்கானன் என்றே பெயர் வைத்துப் பணியில் சேர்த்தது. 1945 செப்டம்பர் 2-ல் ஜப்பான் சரணடைந்த சடங்குக்கு அமெரிக்கத் தளபதி மக்கார்தரை மிசௌரி கப்பலுக்கு ஏற்றிப்போனது அதுதான். டோக்கியோ விரிகுடா என்று கோத்த அன்றைய முத்திரைகளுக்கு இன்னும் கிராக்கி. 1962-ல் மூன்றாவதாக ஒரு பியூக்கானனும் வந்தது. ஆகவே பெயரைப் பார்த்துக் காசை எடுக்காமல் தேதியைப் பாருங்கள்: 1940 செப்டம்பர் 9-க்குப் பிந்தியது என்றால் அது வேறு கப்பல்.