நரம்பு, நாடி, தமனி

நாகர்கோவிலில் எந்த ஆஸ்பத்திரி வார்டிலும் காதில் விழுகிற வாக்கியம்: "நரம்பு கிட்டல்ல பாட்டி, கைய நல்லா மடக்கிப் பிடியுங்க." நர்ஸ் தேடுவது நரம்பை அல்ல, சிரையை. ரத்தம் ஓடுகிற ஒன்றுதான் தேடப்படுகிறது என்பது இருவருக்குமே தெரியும், பெயர்தான் வேறொன்றுடையது. பள்ளிப் புத்தகத்துத் தமனியும் சிரையும் பரீட்சைத் தாளோடு நின்றுபோயின. இதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

விளவங்கோடு, கல்குளம் ஆசான்மார் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து வளி, அழல், ஐயம் பார்த்தார்கள். விரலுக்கடியில் துடித்தது தமனி. அவர்களுக்கு அது நாடி. துடிப்பு, குழாய், உயிரின் ஓட்டம் எல்லாமே அந்த ஒரு சொல்லில் அடக்கம். வர்மம் நூற்றெட்டு, படுவர்மம் பன்னிரண்டு என்ற கணக்கு உடலை அறுத்துப் பார்த்து வந்ததல்ல, அடிபட்ட உடலைத் தொட்டுப் பார்த்து வந்தது. கழுத்தோரம், தொடையிடுக்கு என்று பெரிய குழாய்கள் தோலுக்கு அருகில் வரும் இடங்களில் அடி ஆபத்து என்பதை இன்றைய உடற்கூறியலும் மறுக்காது. அதற்காக வர்மம் எல்லாமே ரத்தக்குழாய்தான் என்று நிறுவப் புறப்படுவது ஆசானுக்கும் நியாயமில்லை, ஹார்விக்கும் நியாயமில்லை.

ஹார்வி 1628இல் சொன்னது வேறு விஷயம். கையை இறுகக் கட்டி, புடைத்த சிரையை விரலால் நீவிப் பார்த்தார். ரத்தம் ஒரு திசையில்தான் போயிற்று. சிரைக்குள் இருக்கும் வால்வு அதைத் திரும்ப விடவில்லை. இதயம் தள்ளும் அழுத்தத்தைத் தாங்கத் தமனிக்குத் தடித்த, மீள்தன்மையுள்ள சுவர். சிரைக்கு மெல்லிய சுவரும் வால்வும். இரண்டையும் இணைப்பது எது என்று ஹார்விக்குத் தெரியாது. ஒற்றைச் செல் கனமே சுவராக உள்ள நுண்குழாய்களை மல்பீகி 1661இல் தவளையின் நுரையீரலில் கண்டார்.

இந்த உடல் நம்மூருக்கு வந்த வழிகளில் ஒன்று நெய்யூர். லண்டன் மிஷன் அங்கே 1838இல் வைத்தியப் பணியைத் தொடங்கியது. 1860களில் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார். தோள்சீலைப் போராட்டம் நடந்து, 1859இல் நாடார் பெண்கள் மேலுடல் மறைக்கத் திருவிதாங்கூர் அரசு அனுமதித்த காலம் அது. தீட்டு பார்க்கிற ஊரில் நாடி பிடிப்பதும் தொடுவதுதான் என்பதை மறக்கவேண்டாம்.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் அதே காலத்தில் உடற்கூறு நூல்களைத் தமிழாக்கினார். ஈழத்துப் பாடநூல்களில் இன்றும் நாடி, நாளம்தான். நாம் சுஸ்ருதரிடமிருந்து தமனி, சிரை எடுத்துக்கொண்டோம். அவர் கணக்கில் சிரை 700, தமனி 24. ஹார்வியின் பிரிவினை அதில் கிடையாது. பழைய சட்டையைப் புது உடலுக்கு மாட்டினோம், அவ்வளவுதான். ஜனங்கள் இரண்டையும் விட்டுவிட்டு, கயிறு மாதிரி தோலுக்கடியில் தெரிவதையெல்லாம் நரம்பு என்றார்கள். யாழின் தந்திக்கும் இலையின் கோட்டுக்கும் அதுதானே பெயர்!

ஆனால் இதற்கு விலை உண்டு. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று விற்கும் பெண்ணின் காலில் குழாய் புடைத்துச் சுருள்கிறது. "நரம்பு சுருட்டிட்டு" என்கிறாள். உடனே நரம்புத் தளர்ச்சி, பலவீனம், டானிக். அங்கே பழுதானது சிரையின் வால்வு. மேலே ஏறவேண்டிய ரத்தம் காலிலேயே தேங்குகிறது. பரம்பரையும் பேறுகாலமும் காரணமாகலாம். மணிக்கணக்காக நிற்பது அதைக் கூட்டும். கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் சட்டத்தைத் திருத்தின. களியக்காவிளைக்கு இந்தப்பக்கம் அது வந்துசேர மூன்று வருஷம் பிடித்தது.