டாக்கா அறிந்த பக்கீர் அலி

2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11ஆம் திகதி கொழும்பில் நடைபெறவிருந்த ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடைபெறவில்லை. அதன் பெறுபேறு மட்டும் ஏடுகளில் இருக்கிறது. இலங்கை 3, மக்காவோ 0. அந்த மூன்று கோல்களையும் எவரும் போடவில்லை. ஆனாலும் 2022 உலகக் கிண்ணத்துக்கான தகுதிகாண் சுற்றில் இலங்கை அணி அடுத்த கட்டத்துக்கு முன்னேறியது அந்தப் பெறுபேற்றினால்தான். அப்போது அணியின் பயிற்றுநராக இருந்தவர் நிஸாம் பக்கீர் அலி.

இந்தப் பெயரை இலங்கையில் இன்று இருபது வயதுக்காரர் ஒருவரிடம் சொன்னால் அவர் அறிந்திருக்க வாய்ப்புக் குறைவு. டாக்காவில் ஐம்பதைக் கடந்த ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

நான் கொட்டாஞ்சேனையில் வளர்ந்தவன். புனித ஆசீர்வாதப்பர் கல்லூரியின் சுற்றுப்புறத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு உதைபந்து தெரியாமலிருக்க வழியில்லை. கிரிக்கெட் மட்டைக்கும் காற்சட்டங்களுக்கும் காசு வேண்டும். பந்து ஒன்று போதும், இருபது பேர் ஆடலாம். கொச்சிக்கடை, புறக்கோட்டை, கொம்பனித்தெரு என்று கொழும்பின் நெருக்கமான, வசதி குறைந்த பகுதிகளே இந்த ஆட்டத்தின் விளைநிலங்கள். சோண்டர்ஸ், ஜாவா லேன், ஓல்ட் பென்ஸ் போன்ற கழகங்களுக்கு ஆட்களைத் தந்தவையும் அவைதாம். அங்கே சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலாயர் எல்லோரும் ஒரே அணியில் ஆடினார்கள். அதை எவரும் ஒற்றுமை என்று பெயரிட்டு விழா எடுக்கவில்லை.

ஆனால் இந்தக் கழகங்களில் ஆடி எவரும் வீடு கட்டியதில்லை. திறமை உள்ளவனுக்கு மேலே ஏறுவதற்கு ஏணி கிடையாது. ஸ்பெயினை எடுத்துக்கொள்ளுங்கள். ஊனாய் எமெரி என்ற ஆட்டக்காரர் தம் காலத்தின் பெரும்பகுதியை அந்நாட்டின் இரண்டாம் பிரிவிலேயே கழித்தவர். லோர்கா என்ற சிறு கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தபோது, காயத்தால் ஆட்டத்தை விட்டு அங்கேயே பயிற்றுநரானார். 2005இல் அந்த அணியை மூன்றாம் படியிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு உயர்த்தினார். பின்னர் அல்மேரியா, வலென்சியா, செவில்லா என்று படிப்படியாக ஏறி, செவில்லாவோடு 2014 முதல் 2016 வரை தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பா லீக் கிண்ணத்தை வென்றார். சாதாரண ஆட்டக்காரன் ஒருவனையும் அந்நாட்டின் படிகள் மேலே கொண்டுபோய் விடுகின்றன. நம்மவருக்கு அடுத்த படி நாட்டுக்கு வெளியே இருந்தது.

1980களில் அந்தப் படி டாக்கா. அன்றைய பங்களாதேஷில் உதைபந்தாட்டமே முதல் விளையாட்டு. கிரிக்கெட்டில் அந்நாடு டெஸ்ட் தகுதி பெற்றது 2000ஆம் ஆண்டில்தான். ஆபஹானி, மொகமடான் என்ற இரு கழகங்களும் மோதும் நாளில் நகரமே இரண்டாகப் பிரியும். வீட்டுக் கூரைகளில் கழகக் கொடிகள் பறக்கும். 1982 செப்டெம்பரில் இவ்விரு அணிகளின் ஆட்டம் ஒன்று கலவரத்தில் முடிந்தபோது, இராணுவ ஆட்சி காஸி சலாஹுதீன் உட்பட நான்கு ஆபஹானி வீரர்களைச் சிறையில் அடைத்தது. ஆட்டத்தை அவ்வளவு கடுமையாக எடுத்துக்கொண்ட நகரம் அது.

அந்த ஆபஹானியின் பின்வரிசையில் நின்றவர் பக்கீர் அலி. வேறு சில இலங்கையரும் அக்கழகத்துக்கு ஆடினர். ஆயினும் டாக்கா இரசிகர்கள் தம்மவராகவே கொண்டாடியது இவரை. 1983, 1984, 1985 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆபஹானி தொடர்ந்து லீக் சம்பியனானது. அந்தக் காலத்து டாக்கா லீக்கின் தரத்துக்கு ஒரு சான்று சொல்கிறேன். 1986 உலகக் கிண்ணத்தில் ஈராக்குக்காக ஆடிய சமீர் ஷாகிர் அடுத்த ஆண்டே ஆபஹானிக்கு வந்தார். 1978 உலகக் கிண்ணத்தில் ஈரானின் பந்துக் காப்பாளராக நின்ற நாஸர் ஹெஜாஸி மொகமடானுக்குப் பயிற்றுநராக வந்தார். இத்தகைய களத்தில் ஓர் இலங்கையர் ஆண்டுக்கணக்கில் நிலைத்து நின்றார் என்பது சிறிய செய்தியன்று.

அது நம் பத்திரிகைகளில் போதிய இடம் பெறவில்லை. 1983இல் நம் பக்கங்களை நிரப்ப வேறு செய்திகள் இருந்தன. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் எரிந்த ஆண்டு அது. பின்னர் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த தொண்ணூறுகளிலும் நிலைமை மேம்படவில்லை. 1995இல் கொழும்பில் நடந்த தெற்காசியத் தங்கக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை 1–0 என்று இந்தியாவை வென்றது. மறு ஆண்டு மார்ச்சில் லாகூரில் அர்ஜுன ரணதுங்க உலகக் கிண்ணத்தை ஏந்தினார். அதன் பின் விளையாட்டுப் பக்கம் என்றால் கிரிக்கெட் பக்கம் என்றாயிற்று. 1995ஐ நினைவூட்டினால் இளைய செய்தியாளர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

ஆட்டத்தை விட்ட பின்னரும் டாக்கா பக்கீர் அலியை விடவில்லை. அங்குள்ள கழகங்களில் பயிற்றுநராகப் பணியாற்றினார். 2018இல் இலங்கைத் தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் வந்தபோது, அணி உலகத் தரவரிசையில் இருநூறை ஒட்டிக் கிடந்தது. பீபாவின் உறுப்பு நாடுகளே 211தான்.

அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியில் பங்களாதேஷின் நீல்பாமாரியில் நடந்த நட்புறவு ஆட்டத்தில் இலங்கை 1–0 என்று அந்நாட்டைத் தோற்கடித்தது. அடுத்த மாதம் டாக்காவில் தெற்காசியக் கிண்ணம். இந்தியாவிடம் 0–2 தோல்வி. மாலைதீவுடன் 0–0. மாலைதீவும் இந்தியாவிடம் அதே 0–2 என்று தோற்றது. புள்ளியும் கோலும் எல்லாம் சமம். நாணயத்தைச் சுண்டினார்கள், அது மாலைதீவின் பக்கம் விழுந்தது. தமது இளமையை எல்லாம் கொடுத்த நகரத்தில், தாய்நாட்டின் பயிற்றுநராக வந்து, ஒரு நாணயத்தால் வெளியேறினார் பக்கீர் அலி. ஒரு கோலும் போடாமல் அரையிறுதிக்குள் நுழைந்த மாலைதீவு, அங்கே நேபாளத்தையும் இறுதியில் இந்தியாவையும் வென்று கிண்ணத்தைக் கொண்டுபோனது. மறுபக்கம் விழுந்திருந்தால் இலங்கையும் அப்படி வென்றிருக்கும் என்று நான் வாதாட வரவில்லை. ஆடிப் பார்க்கும் வாய்ப்பாவது கிடைத்திருக்கும்.

அடுத்தது 2019. ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள். 260க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். கொச்சிக்கடையில் இறந்தவர்களில் பலர் நாங்கள் வளர்ந்த அதே ஒழுங்கைகளில் வாழ்ந்தவர்கள். மே மாதத்தில் வடமேற்கிலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. ஜூன் 3ஆம் திகதி முஸ்லிம் அமைச்சர்கள் கூட்டாகப் பதவி விலகினர்.

மூன்றே நாட்களின் பின், ஜூன் 6ஆம் திகதி, சீனாவின் சுஹாய் நகரில் இலங்கை அணி மக்காவோவை எதிர்த்தாடியது. நாட்டில் முஸ்லிம் பெயரைச் சொல்லவே மக்கள் அஞ்சிய அந்த வாரத்தில், நாட்டின் பெயரால் களத்தோரம் நின்ற பயிற்றுநரின் பெயர் பக்கீர் அலி. எந்தப் பத்திரிகையும் இதை எழுதவில்லை என்று நான் குறை சொல்லப் போவதில்லை. எழுதாமலிருந்ததே அன்று நல்லதாயிருந்திருக்கும். ஆட்டத்தில் 0–1 என்று தோற்றார்கள்.

கொழும்பில் ஈடுசெய்யலாம் என்ற நிலை. ஆனால் பாதுகாப்பைக் காரணம் காட்டி மக்காவோ சங்கம் அணியை அனுப்ப மறுத்தது. அந்நாட்டு வீரர்களே அம்முடிவை எதிர்த்துக் குரல் எழுப்பினர். வேடிக்கை என்னவென்றால், ஜூன் 9ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி கொழும்பு வந்து கொச்சிக்கடைத் திருத்தலத்துக்கே சென்றார். போட்டி 11ஆம் திகதி. திருத்தலம் திருத்தப்பட்டு மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது 12ஆம் திகதி. அந்த இடைப்பட்ட மாலையில் கொழும்பு மக்கள் அச்சமின்றி ஓரிடத்தில் கூடி, ஓர் அணிக்காகக் கத்தியிருக்கலாம். வெள்ளவத்தையில் கடைவாசல்தோறும் பையைத் திறந்து காட்டிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அந்த மாலை பறிபோனதே எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றியது. பின்னர் பீபா 3–0 என்று தீர்ப்பளித்து, மக்காவோவுக்குப் பத்தாயிரம் சுவிஸ் பிராங்க் தண்டம் விதித்ததும், “மேசையில் வென்ற அணி” என்று நம்மவர்களே நகைத்ததும் வேறு கதை.

அடுத்த சுற்றில் தென் கொரியா, வட கொரியா, லெபனான், துர்க்மெனிஸ்தான். அவ்வாண்டில் ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் தோல்வி. வாங்கிய கோல்கள் 16, போட்டது ஒன்றுமில்லை. ஒக்டோபர் 10ஆம் திகதி தென் கொரியா 8–0 என்று வென்றது. கிம் ஷின்-வூக் நான்கு, சொன் ஹியுங்-மின் இரண்டு. சொன் அப்போது டொட்டன்ஹாமின் நட்சத்திரம். அவரை மறிக்க நின்றவர்கள் நம் கழகங்களில் மாலை வேளைகளில் ஆடுகிறவர்கள். பயிற்றுநரைத் திட்டியவர்கள் இந்தக் கணக்கையும் பார்த்திருக்க வேண்டும். அந்த ஐந்தில் நான் மதிப்பது செப்டெம்பர் 10ஆம் திகதி கொழும்பில் வட கொரியாவுடன் நடந்த ஆட்டத்தை. இரண்டு முறை உலகக் கிண்ணம் ஆடிய நாட்டிடம் 0–1 என்று மட்டுமே தோற்றார்கள்.

2020இல் பொறுப்பு அமீர் அலாகிச்சிடம் சென்றது. பக்கீர் அலி மறுபடியும் டாக்காவுக்கே போய், பங்களாதேஷ் பொலிஸ் கழகத்தின் பயிற்றுநரானார். 2021 மே மாதம் கொவிட் தொற்றைக் காட்டி வட கொரியா போட்டியிலிருந்து விலகிக்கொள்ள, அந்த அணி ஆடிய ஆட்டங்கள் யாவும் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டன. அதனால் பெரிதும் பாதிக்கப்பட்டது வட கொரியாவை வென்றிருந்த துர்க்மெனிஸ்தான். மூன்று புள்ளிகளை இழந்தது. இலங்கையின் அந்த 0–1 ஆட்டமும் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. 0–8 இருக்கிறது.