ரதி வேசம் கட்டிய நண்பரும் 1883ஆம் ஆண்டுச் சட்டமும்

 

மாசி பிறந்தால் நம் தோட்டங்களில் காமன் கூத்து. மன்மதனும் ரதியும் வேசம் கட்டி லயம் லயமாக ஆடி வருவார்கள். ரதியாக ஆடுவது வழமையாக ஆண்தான். அதை யாரும் கேலி செய்வதில்லை, கும்பிடுகிறார்கள்.

ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்களோடு படித்த நண்பர் ஒருவர் கலைவிழாவில் ரதியாக ஆடினார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். அன்றிரவு விடுதியில் அவருடைய நடையையும் பேச்சையும் பழித்துக் காட்டிச் சிரித்தோம். ரதி வேசம் கட்டுகிற எல்லோரும் அப்படியானவர்கள் அல்லர். ஆனால் இவர் சேலையைக் களைந்த பிறகும் அப்படித்தான் நடந்தார், அப்படித்தான் பேசினார். அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை. பயிற்சியை முடிக்காமலே அவர் போய்விட்டார்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் கொழும்பில் வானவில் கொடியோடு போகிறவர்களின் படத்தைப் பார்த்து, "இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம்" என்று நம்மவர்கள் எழுதுகிறார்கள். வரலாறு படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். வெள்ளைக்காரன் கொண்டுவந்தது தண்டனையைத்தான்.

லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். கொட்டகலையைக் கடந்து நானுஓயாவுக்கு ரயில் போனது 1885இல். இரண்டுக்கும் இடையில், 1883இல், தண்டனைச் சட்டக்கோவை வந்தது. அதன் 365ஆம் பிரிவு, "இயற்கைக்கு மாறான" உறவுக்குப் பத்து வருடம் வரை சிறை என்றது. இந்தியாவுக்கு 1860இல் எழுதிய 377ஆம் பிரிவின் வழிவந்தது அது. 365அ பிரிவில் இருந்த "ஆண்" என்ற சொல்லை 1995இல் நம் பாராளுமன்றமே "ஆள்" என்று மாற்றியது. அதனால் பெண்களும் குற்றவாளிகள் ஆனார்கள். இன்னொன்று: 1858இல் உஸ்மானிய கிலாபத் எழுதிய தண்டனைச் சட்டத்தில் வயது வந்தவர்கள் விருப்பத்தோடு வைக்கும் தன்பாலுறவுக்குத் தண்டனையே இல்லை.

இந்தப் பேரணிகளின் தொடக்கம் 1969 ஜூனில் நியூயோர்க்கில். ஸ்டோன்வோல் என்ற மதுக்கடையில் பொலிஸ் புகுந்தபோது, அங்கே இருந்தவர்கள் எதிர்த்து நின்றார்கள். அடுத்த வருடம் அந்த நாளை நினைத்து ஊர்வலம் போனார்கள். இலங்கையில் ஈக்குவல் கிரவுண்ட் அமைப்பு 2004இல் உருவாகி, 2005இல் கொழும்பில் பிரைட் நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. திரைப்பட விழா, கண்காட்சி என்று பல வருடம் பெரும்பாலும் மண்டபங்களுக்குள்தான் நடந்தது. 2022 ஜூனில், காலிமுகத்திடல் போராட்டக் காலத்தில், பகிரங்கமாக வீதியில் நடந்தார்கள். யாழ்ப்பாணத்திலும் நடந்தார்கள். இந்த உறவைக் குற்றமில்லை என்று ஆக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது.

நம் மலையகத்துக்கு இது அந்நியக் கதையா? 1948இல் ஒரு சட்டம் தோட்டத்து மக்களிடம் "நீங்கள் இந்த நாட்டவர் இல்லை" என்றது. அதன் கடைசி முடிச்சு அவிழ 2003 வரை ஆனது. பிறந்த மண்ணிலேயே வேண்டாதவராக இருப்பது எப்படி என்று நம் பாட்டன்மாருக்குத் தெரியும்.

கொட்டகலையில் ஊர்வலம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. லய அறையில் ஒரு பிள்ளை அழுதால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அந்தப் பிள்ளை மனம்விட்டுப் பேச இடம் எங்கே? கொழும்புக்கு ரயில் ஏறுவதுதான் ஒரே வழி என்று இருக்கக் கூடாது. வகுப்பில் "ஒன்பது" என்று ஒருவன் கூப்பிடும்போது ஆசிரியர் சிரிக்காமல் நிறுத்தினால், அந்த வகுப்பறை ஓர் இடம். "என்ன பிரச்சினை, மகன்?" என்று கேட்டுவிட்டு ஊருக்குச் சொல்லாமல் இருந்தால், ஆசிரியர் அறை ஓர் இடம்.

"மார்க்கம் என்ன சொல்கிறது?" என்று கேட்பீர்கள். பத்வா கொடுக்க நாங்கள் ஆலிம்கள் இல்லை. ஆனால் ஒருவரை ஒருவர் பரிகசிக்க வேண்டாம், பட்டப்பெயர் சூட்ட வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத் சொல்வது எல்லோருக்கும் பொது. அன்று விடுதியில் நாங்கள் அதைத்தான் மீறினோம்.

நண்பரே, இதை வாசித்தால் மன்னியுங்கள். கூத்து நன்றாக இருந்தது என்று அன்றே சொல்லியிருக்க வேண்டும்.