இரண்டு வி.ஓ.சி., ஒரு சிவப்புக் கொடி

அமெரிக்காவுக்கு ஆன்சைட் போயிட்டு வந்த நண்பர்கள் பார்த்திருப்பீங்க. கவுண்டி ஆபீஸ் வாசல்ல நாட்டுக்கொடி, மாநிலக்கொடி, பக்கத்துல கவுண்டிக்குன்னு தனியா ஒரு கொடி பறக்கும். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில்கூட மாகாணங்களுக்கு தனிக்கொடி இருக்கு. அப்போ எங்க தூத்துக்குடி மாவட்டத்துக்கு?

கிடையாது. மாவட்டத்தை விடுங்க, நம்ம மாநிலத்துக்கே கிடையாது. 1970ல் கலைஞர் முதல்வரா இருந்தப்போ ஒரு கொடியை முன்மொழிந்தார். அதில் ஒரு மூலையில் மூவர்ணம் இருந்தது, கூடவே நம்ம கோபுரச் சின்னமும். எதிர்ப்பு வந்து அப்படியே நின்னுபோச்சு. 2018ல் கர்நாடக அமைச்சரவை மஞ்சள்-வெள்ளை-சிவப்புக் கொடி ஒண்ணுக்கு ஒப்புதல் கொடுத்தது, மத்திய அரசு சம்மதிக்கலை. சட்டப்படி தனிக்கொடி வைத்திருந்த ஜம்மு காஷ்மீருக்கும் 2019ல் அது போயாச்சு.

எங்க மாவட்டத்துக்கு பேரே நிலைக்கலைங்கறது தனிக்கதை. 1986 அக்டோபர் 20ல் திருநெல்வேலியில் இருந்து பிரிச்சப்போ வச்ச பேர் வ.உ.சிதம்பரனார் மாவட்டம். 1997ல் தலைவர்கள் பேரை எல்லா மாவட்டங்களில் இருந்தும் எடுத்தப்போ வெறும் தூத்துக்குடி ஆச்சு. இப்படிப்பட்ட ஊருக்கு கொடி வேற கேக்குதான்னு நீங்க நினைக்கலாம் :-)

ஆனா கொடிகளுக்குப் பஞ்சம் இருந்த கடற்கரை இல்லை இது. வரிசையா பார்த்தா ஒரு விஷயம் புலப்படும். இங்கே யார் கொடி ஏத்தினாலும் அவங்க கண் கடல் மேலதான் இருந்திருக்கு.

முதல்ல பாண்டியனின் மீன் கொடி. கொற்கைதான் அவங்க முத்துத் துறைமுகம். கடல் பின்வாங்கி இப்போ அது உள்நாட்டு கிராமம் ஆயிடுச்சு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளஸ் என்ற கடல்வழிக் குறிப்பில் கொற்கை முத்து வருது. கூடவே ஒரு வரியில் உறுத்தலான தகவல்: முத்துக் குளிக்க தண்டனை பெற்ற குற்றவாளிகளை இறக்கினாங்களாம். கொடியில மீன், மூச்சடக்கி கீழே போறவன் கைதி!

அடுத்து போர்த்துக்கீசியர். 1530களில் பரதவர் தலைவர்கள் கொச்சிக்குப் போய் அவங்ககிட்ட பாதுகாப்பு கேட்டாங்க. தொடர்ந்து இந்தக் கரை ஊர்கள் மொத்தமா ஞானஸ்நானம் பெற்றன. 1542ல் சவேரியார் வந்தது அதுக்கு அப்புறம்தான். பாதுகாப்பு கிடைச்சது, ஆனா முத்து வருமானத்தில் போர்த்துக்கல் அரசனுக்கும் பங்கு போச்சு.

1658ல் டச்சுக்காரங்க தூத்துக்குடியைப் பிடிச்சாங்க. இங்கேதான் எனக்குப் பிடிச்ச இடம் வருது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியோட பேரை அவங்க மொழியில் சுருக்கினா மூணே எழுத்து: வி.ஓ.சி.! சிவப்பு, வெள்ளை, நீலம்னு மூணு பட்டை, நடுவில் பெரிய 'வி', அதன் இரண்டு கைகளிலும் 'ஓ', 'சி' கோத்த முத்திரை. அதுதான் கம்பெனிக் கொடி. ஆக, சிதம்பரம் பிள்ளை பிறக்கிறதுக்கு 200 வருஷம் முன்னாடியே தூத்துக்குடியில் வி.ஓ.சி. கொடி பறந்தாச்சு. நம்ம பாஷையில சொன்னா ஒரே வேரியபிள் பேர், ரெண்டு வேல்யூ.

பேர் மட்டும் இல்லை, வேலையிலும் ஒத்துமை இருக்கு. 1602ல் தொடங்கிய டச்சு வி.ஓ.சி., பொதுமக்களுக்கு பங்கு வித்து பணம் திரட்டி கப்பல் விட்ட கம்பெனி. 1799 கடைசியில் கடனில் மூழ்கி கலைக்கப்பட்டது. ஊர் கை மாறி மாறி, 1825ல் முழுசா ஆங்கிலேயர்கிட்ட வந்தது.

இப்போ நம்ம வ.உ.சி. 1906 அக்டோபர் 16ல் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி பதிவாச்சு. மூலதனம் 10 லட்சம், ஒரு பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தலைவர் பாண்டித்துரைத் தேவர். பங்கு வித்து கப்பல் வாங்கறதுங்கற டச்சுக்காரங்க ஃபார்முலாவை இந்த ஊர்க்காரங்களே கையில் எடுத்தாங்க. 1907ல் காலியா, லாவோ என்ற ரெண்டு கப்பல்களும் வந்து கொழும்புக்கு ஓட ஆரம்பிச்சது. முத்துக் குளிச்சவங்களும் தோணி ஓட்டினவங்களும் ஆயிரம் வருஷமா அடுத்தவன் கொடியைப் பார்த்துக்கிட்டு இருந்த கரையில், இது சொந்தக் கப்பல்.

சொந்தக் கப்பல் சரி, சொந்தக் கொடி?

பிரிட்டனின் 1894ம் வருஷத்து வணிகக் கப்பல் சட்டம் தெளிவா சொல்லுது. பிரிட்டிஷ் பிரஜைகளின் கப்பல் எல்லாத்துக்கும் தேசியக் கொடி ஒண்ணுதான்: சிவப்புத் துணி, மேல் மூலையில் யூனியன் ஜாக். அதுல ஒரு நூலைக்கூட மாத்தக் கூடாது. அதுக்குப் பதிலா வேற தேசியக் கொடி ஏத்தினா 500 பவுண்டு வரை அபராதம். அப்போ ஒரு பவுண்டுக்கு 15 ரூபாய், அப்படின்னா 7,500 ரூபாய். சுதேசிக் கம்பெனி கணக்கில் அது 300 பங்கு. அன்னைக்கு நாமும் பிரிட்டிஷ் பிரஜைகள்தான். வெள்ளைக்காரன் கம்பெனிக்கு எதிரா ஓடின கப்பலுக்கும் சட்டம் காட்டின கொடி அவனோடதுதான்.

அதுக்கு அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908 மார்ச் 12ல் வ.உ.சி. கைது, ராஜதுரோக வழக்கில் மொத்தம் 40 வருஷ தண்டனை. மேல்முறையீட்டில் குறைஞ்சு, செக்கிழுத்து, 1912 கடைசியில் வெளியே வந்தப்போ கம்பெனி இல்லை. 1911லேயே கலைச்சாச்சு. காலியாவை வாங்கினது எதிரிக் கம்பெனியேதான்.

அதே காலத்தில் ஒருத்தர் காகிதத்தில் ஒரு கொடி வரைஞ்சார். பாரதியின் மணிக்கொடிப் பாட்டை வெறும் உணர்ச்சியா பாடிட்டுப் போயிடறோம். கவனிச்சுப் படிச்சா அது ஒரு டிசைன் ஸ்பெசிஃபிகேஷன்! பட்டுத்துணி, நடுவில் வந்தே மாதரம், ஒரு பக்கம் இந்திரனின் வஜ்ராயுதம், இன்னொரு பக்கம் முஸ்லிம்களின் இளம்பிறை. அவர் குருவாக நினைத்த நிவேதிதை வடிவமைத்த கொடியிலும் வஜ்ராயுதம் உண்டு. பாரதியின் எட்டயபுரம், வ.உ.சி.யின் ஒட்டப்பிடாரம் ரெண்டுமே இன்னைக்கு இந்த மாவட்டத்துலதான் இருக்கு. ஒருத்தர் கப்பல் கொண்டு வந்தார், அவர் நண்பர் கொடி எழுதினார். அந்தக் கப்பல்ல அந்தக் கொடியை தேசியக் கொடியா ஏத்த சட்டத்தில் இடமில்லை.

இன்னைக்கு வ.உ.சி. துறைமுகத்துக்கு (2011ல் வச்ச பேர்) போனா பல நாட்டுக் கொடிகளைப் பார்க்கலாம். வெளிநாட்டுக் கப்பல்கள் மரியாதைக்கு மூவர்ணமும் ஏத்தியிருக்கும். இந்தியாவில் பதிவான வணிகக் கப்பலின் பின்பக்கக் கொடியை மட்டும் நல்லா பாருங்க. முழுக்க சிவப்பு, மேல் மூலையில் மூவர்ணம். அதாவது அதே பழைய சிவப்புக் கொடி. ரெண்டையும் வச்சு டிஃப் எடுத்தா ஒரு மூலைதான் மாறியிருக்கு. அந்த ஒரு மூலையின் விலை என்னன்னு எங்க ஊருக்குத் தெரியும்.

மாவட்டக் கொடி வருமா? வராது. எங்க ஊர்ல கொடின்னா ஜூலை 26, பனிமய மாதா கோயில் கொடியேற்றம். இல்லாட்டி திருச்செந்தூர் ஆவணி, மாசிக் கொடியேற்றம். அது போதும்னு ஜனங்க இருக்காங்க.

ஒருவேளை என்னை வரையச் சொன்னா மீனும் வேண்டாம், முத்தும் வேண்டாம். நீல நிறத்தில் கயிறு கட்டின ஒரு கல். முத்துக் குளிக்கிறவர் வேகமா அடியில் போறதுக்கு காலை வச்சுக்கிற கல். அந்தக் காலத்து முத்துச் சலாபத்தில் நாயக்கருக்கு இத்தனை கல், சேதுபதிக்கு இத்தனை கல்னு உரிமையையே கல் கணக்கில்தான் பிரிச்சாங்க. 1961க்கு அப்புறம் இங்கே அந்தப் பெரிய சலாபம் நடக்கலை. கொடி ஏத்தினவங்க எல்லாரும் போயிட்டாங்க, மூச்சடக்கி இறங்கினவங்க பேரன் பேத்திகள் இன்னும் இதே கரையிலதான் இருக்காங்க. கல்லு அவங்களோடது.

உங்க மாவட்டத்துக்கு என்ன போடுவீங்க? யோசிச்சு சொல்லுங்க.