இரும்புப் பாதையும் தார்ச் சாலையும்

ஹஜ்ஜுக்கோ உம்ராவுக்கோ புறப்படும் குடும்பங்களில் இந்நாளில் தவறாது எழும் ஒரு கேள்வி உண்டு. மக்காவிலிருந்து மதீனாவுக்கு ரயிலில் செல்வதா, பஸ்ஸில் செல்வதா என்பதே அது. பயண ஏற்பாட்டாளர் ஒன்று கூறுவார். முன்னரே சென்று வந்த மச்சான் வேறொன்று கூறுவார். கட்டணத்தையும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து வீட்டார் ஒரு முடிவுக்கு வருவர்.

கேள்வி சிறியதுதான். ஆயினும், அதைக் கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. இதற்கிடையில் ஒரு பேரரசு தோற்றது. ஒரு போர் மூண்டது. ஒட்டகங்களை நம்பி வாழ்ந்த ஒரு சமூகத்தின் பிழைப்பே மாறிப்போனது. அந்த வரலாற்றை அறிந்து கொண்டால், எதில் ஏறுவது என்ற கேள்விக்கும் தெளிவு பிறக்கும்.

ஒட்டக வழி

இரு புனித நகரங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 450 கிலோமீட்டர். ஒட்டகக் காலத்தில் இது பத்துப் பன்னிரண்டு நாள் பயணம். ஒட்டகத்தின் இருபுறமும் ‘ஷுக்துஃப்’ எனப்படும் கூண்டுகளைக் கட்டி, பக்கத்திற்கு ஒருவராக அமர்ந்து செல்வர். வெயிலுக்கு அஞ்சிப் பெரும்பாலும் இரவில் நடப்பர். பகலில் கூடாரமடித்துத் தங்குவர்.

வெயிலைவிட வழிப்பறிக்கு அஞ்சியவர்களே மிகுதி. பாலைவனத்துக் கூட்டத்தார் ஒவ்வொருவருக்கும் தத்தம் எல்லை இருந்தது. அவர்களுக்கு உரிய தொகை கிட்டினால் வழி திறக்கும், கிட்டாவிட்டால் அடைபடும். போபால் அரசியார் சிக்கந்தர் பேகம் 1863ஆம் ஆண்டு பெரும் பரிவாரத்தோடு ஹஜ்ஜுக்குச் சென்றார். மக்காவில் கடமைகளை நிறைவேற்றினார். எனினும், மதீனா வழியின் ஆபத்துகளைக் கேட்டறிந்து, ரவ்ளா ஷரீபைக் காணாமலே நாடு திரும்பினார். ஓர் அரசியின் நிலையே இதுவென்றால், பம்பாயில் கப்பலேறிச் சென்ற எளிய மக்களின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்.

சுல்தான் அமைத்த ரயில்

இந்நிலையில், உதுமானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் 1900ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 1318இல், திமிஷ்கிலிருந்து ஹிஜாஸுக்கு இரும்புப் பாதை அமைக்க ஆணை பிறப்பித்தார். திமிஷ்கிலிருந்து மதீனாவுக்கு ஒட்டகக் கூட்டம் செல்ல ஏறத்தாழ 40 நாட்களாகும். ரயிலில் அது மூன்று நாட்களாகச் சுருங்கும். ஹாஜிகளின் நலன் கருதிய திட்டம்தான் இது. ஹிஜாஸுக்கும் யமனுக்கும் படைகளை விரைந்து அனுப்பலாம் என்ற அரசியல் நோக்கமும் இதில் கலந்திருந்தது. இரண்டையும் மறைக்காமல் கூறுவதே வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை.

ஐரோப்பிய வங்கிகளின் கடனை நம்பாமல், முஸ்லிம்களின் நன்கொடையைக் கொண்டே இதைக் கட்டுவது என்று சுல்தான் முடிவு செய்தார். தாமே முதலில் பெருந்தொகை வழங்கினார். அரசு ஊழியர்களின் சம்பளத்தில் பிடித்தம் செய்யப்பட்டது. குர்பானித் தோல்களை விற்ற பணமும் இதற்கெனத் திரட்டப்பட்டது. நன்கொடையாளர்களுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. எகிப்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இன்னும் பல நாடுகளிலிருந்தும் பணம் வந்து குவிந்தது.

இந்திய முஸ்லிம்களின் கொடையைப் பற்றி ஈண்டு ஒன்று கூறவேண்டும். நம் நாட்டு ஹாஜிகள் கப்பலில் ஜித்தா சென்று இறங்குபவர்கள். திமிஷ்கிலிருந்து வரும் ரயிலால் அவர்களுள் பெரும்பாலோர்க்கு நேரடிப் பயன் ஏதுமில்லை. தாம் ஏறிச் செல்லாத ரயிலுக்குத்தான் அவர்கள் காசு கொடுத்தார்கள். பாதை என்றேனும் ஒருநாள் மக்காவையும் எட்டும் என்ற நம்பிக்கையும், மதீனாவுக்குச் செல்லும் எவருடைய துன்பம் தீர்ந்தாலும் நன்மையே என்ற எண்ணமும் அவர்களை வழங்கச் செய்தன.

மெய்ஸ்னர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் பணிக்குத் தலைமை தாங்கினார். பாதையின் அகலம் 1,050 மில்லிமீட்டர். உழைத்தவர்களுள் பெரும்பாலோர் உதுமானியப் படைவீரர்கள். தண்ணீர் அரிது, விறகு அரிது. தண்டவாளத்தின் அடியில் பல இடங்களில் மரக்கட்டைக்குப் பதிலாக இரும்புக் கட்டைகளே இடப்பட்டன. நிலையங்கள் சிறு கோட்டைகளைப் போல் எழுப்பப்பட்டன. அல்உலா நகருக்குத் தெற்கே முஸ்லிம் பொறியாளர்களே பணியாற்றினர். சுமார் 1,300 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை மதீனாவை அடைந்து, 1908 செப்டம்பர் 1ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டது.

மக்காவை எட்டாத பாதை

மதீனா வரை வந்த ரயில் மக்காவுக்கு ஏன் செல்லவில்லை? பணமும் பொறியியலும் ஓரளவுக்குக் காரணங்கள். முதன்மையான காரணம் வேறு. ஒட்டகத்தை வாடகைக்கு விட்டும், வழிக்காவலுக்கு ஊதியம் பெற்றும் வாழ்ந்த பாலைவன மக்கள், ரயில் தங்கள் அடுப்பை அணைத்துவிடும் என்று அஞ்சினர். பாதை மதீனாவை நெருங்கியபோதே ஹர்பு கூட்டத்தார் கிளர்ந்தெழுந்தனர். துருக்கியப் படை எளிதில் வந்து சேர்ந்தால் தம் அதிகாரம் குன்றும் என்று மக்காவின் ஷரீபும் எண்ணினார்.

அவர்களை வெறும் முரடர்கள் என்று எழுதிவிடுதல் எளிது; ஆனால் அது நீதியாகாது. ஒட்டகத்தைத் தவிர வேறு சொத்தில்லாதவனிடம், ‘உன் ஒட்டகம் இனி வேண்டாம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு, மாற்றுப் பிழைப்பு எதையும் காட்டாமல் போனால், அவன் தண்டவாளத்தை வாழ்த்துவானா? ஹாஜிகளின் வசதியைத் திட்டமிட்டவர்கள், வழியில் வாழ்ந்தவர்களின் வாழ்வைப் போதிய அளவு திட்டமிடவில்லை.

முதல் உலகப் போர் இப்பாதையின் விதியை முடிவு செய்தது. 1916 ஜூன் மாதம் ஷரீப் ஹுசைன் துருக்கியருக்கு எதிராக எழுந்தார். லாரன்ஸ் முதலிய ஆங்கிலேய அதிகாரிகளின் துணையோடு அரபுப் படையினர் தண்டவாளங்களையும் பாலங்களையும் வெடி வைத்துத் தகர்த்தனர். மதீனாவைக் காத்து நின்ற ஃபக்ரி பாஷா, முற்றுகைக் காலத்தில் நகர மக்களுள் பல்லாயிரவரை அதே ரயிலில் ஏற்றி வடக்கே அனுப்பினார். ஹாஜிகளை மதீனாவுக்குக் கொண்டுவர உலக முஸ்லிம்கள் காசு சேர்த்துக் கட்டிய ரயில், மதீனாவாசிகளை அவர்களது ஊரிலிருந்து வெளியே கொண்டு சென்றது. பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளியில் பாதுகாக்கப்பட்ட அரும்பொருள்களும் அவ்வழியே இஸ்தான்புல் சென்றன. 1919 ஜனவரியில்தான் மதீனா சரணடைந்தது.

போருக்குப் பின் பாதையின் தென்பகுதி சீர்குலைந்து பயனற்றுப் போயிற்று. 1960களில் அதைப் புதுப்பிக்கும் பணி தொடங்கியது. 1967ஆம் ஆண்டுப் போருக்குப் பின் அதுவும் கைவிடப்பட்டது. மதீனாவின் பழைய நிலையம் இன்று ஓர் அருங்காட்சியகம்.

மோட்டார் வென்ற விதம்

1925ஆம் ஆண்டின் இறுதியில் ஹிஜாஸ் முழுவதும் அப்துல் அஸீஸ் இப்னு சுவூதின் ஆட்சிக்குள் வந்தது. வழிப்பறி கடுமையாக அடக்கப்பட்டது. அமைதி நிலவியதும் மோட்டார் வாகனங்கள் பெருகின. பத்துப் பன்னிரண்டு நாள் வழி ஓரிரு நாட்களில் முடிந்தது. எந்த ரயிலை அஞ்சிப் பாலைவன மக்கள் போராடினார்களோ, அந்த ரயில் செய்திருக்கக்கூடியதை மோட்டார் சத்தமின்றிச் செய்து முடித்தது. ஒட்டக வாடகைத் தொழில் ஒரு தலைமுறைக்குள் நலிந்தது.

ரயில் தோற்ற இடத்தில் மோட்டார் எவ்வாறு வென்றது? ரயிலுக்கு முழுப் பாதையும் முதலில் வேண்டும். நடுவில் ஒரு பாலம் உடைந்தாலும் அனைத்தும் நின்றுவிடும். மோட்டார் வண்டியோ மணலில் தடம் பார்த்து, ஓரிடம் அடைத்தால் மற்றோரிடம் சுற்றிச் செல்லும். பேரரசு கட்ட வேண்டியதில்லை; ஒரு வணிகர் இரண்டு வண்டி வாங்கினால் போதும். 1938இல் தம்மாம் அருகே எண்ணெய் பெருமளவில் கிடைத்தபின், பெட்ரோலுக்கும் குறைவில்லை; பின்னாளில் தார்ச் சாலைக்கும் குறைவில்லை. 1979ஆம் ஆண்டு ‘சாப்ட்கோ’ என்ற பொதுப் போக்குவரத்து நிறுவனம் தோன்றி, நகரங்களுக்கிடையே முறையான பஸ்களை ஓட்டியது. ஹிஜ்ராவின் பெயரைத் தாங்கிய அகன்ற நெடுஞ்சாலை இரு நகரங்களையும் இணைத்தது. பயணம் ஐந்தாறு மணி நேரமாகக் குறைந்தது.

மீண்டும் ரயில்

சாலையின் வெற்றியே அதன் சிக்கலுமாயிற்று. 1995ஆம் ஆண்டு வரை பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக் கப்பல்கள் சென்றன. அதன் பின் விமானமே வழியாயிற்று. ஹாஜிகளின் தொகை பெருகிப் பெருகி, 2019இல் ஏறத்தாழ 25 இலட்சத்தை எட்டியது. இத்தனை பேரையும் பஸ்ஸிலேயே ஏற்றினால் சாலை தாங்குமா? முதலில், மினா, அரஃபாத், முஸ்தலிஃபா ஆகிய இடங்களை இணைக்கும் 18 கிலோமீட்டர் ரயில் 2010இல் ஓடத் தொடங்கியது. அடுத்து, ‘ஹரமைன்’ அதிவேக ரயில் 2018 செப்டம்பர் 25ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டு, அக்டோபரில் மக்கள் பயணத்துக்கு வந்தது. மக்கா, ஜித்தா, மன்னர் அப்துல்லாஹ் பொருளாதார நகர், மதீனா ஆகிய ஊர்களை அது இணைக்கிறது. மணிக்கு 300 கிலோமீட்டர் வேகம். ஒரு ரயிலில் 417 இருக்கைகள். ஏறக்குறைய ஒன்பது பஸ்களில் செல்வோரை ஒரே ரயில் கொண்டு செல்கிறது. மக்காவிலிருந்து மதீனாவுக்குச் சுமார் இரண்டேகால் மணி நேரம். 1908இல் மதீனாவில் நின்றுபோன ஆசை 110 ஆண்டுகள் கழித்து, வேறொரு பாதையில், வேறோர் அரசின் கையால் நிறைவேறியது.

எனினும், ரயிலின் பழைய பலவீனம் முற்றும் அகன்றுவிடவில்லை. 2019 செப்டம்பர் 29ஆம் நாள் ஜித்தா நிலையத்தில் பெருந்தீ பற்றியது. ஒரே ஒரு நிலையம் எரிந்ததால் சேவை முழுவதும் டிசம்பர் வரை நின்றது. அந்நாட்களில் பயணிகளைக் காத்தது பழைய சாலைதான்.

எதைத் தேர்வது?

இனி வீட்டுக் கேள்விக்கு வருவோம். நேரம் குறைவாக உள்ளவர், நெடுநேரம் உட்கார இயலாத முதுகுவலிக்காரர், குழந்தைகளோடு தனியே உம்ரா செல்லும் குடும்பத்தார் ஆகியோர்க்கு ரயில் நல்லது. ஆனால், நிலையம் ஹரமின் வாசலில் இல்லை. தங்குமிடத்திலிருந்து நிலையத்துக்கும், இறங்கிய பின் மறுபடி தங்குமிடத்துக்கும் வாடகைக் கார் வேண்டும். அந்தச் செலவையும் நேரத்தையும் கூட்டிப் பார்த்த பின்னரே ஒப்பிட வேண்டும். பெட்டிகளைத் தாமே ஏற்றி இறக்க வேண்டும்; பயணச்சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும்.

குழுவாகச் செல்வோர்க்கு பஸ் ஏற்றது. அது தங்குமிடத்தின் வாசலிலிருந்து தங்குமிடத்தின் வாசலுக்குச் செல்லும். வயது முதிர்ந்த அத்தாவையும் நன்னியையும் நிலையத்தின் நீண்ட கூடத்தில் நடக்க வைக்க வேண்டியதில்லை. தொழுகைக்கும் உணவுக்கும் நிறுத்தலாம். குழுவினர் விரும்பி ஏற்பாடு செய்தால் பத்ர் களத்தையும் கண்டு வரலாம். தண்டவாளத்துக்கு அந்த வளைவு தெரியாது.

மதீனாவிலிருந்து உம்ராவுக்காக மக்கா செல்வோர் ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். அவர்களின் மீக்காத் துல்ஹுலைஃபா. இன்று அப்யார் அலீ எனப்படுவது. பஸ் அங்கே நின்று, குளித்து, இஹ்ராம் அணிந்து, தொழுது புறப்பட வழி செய்கிறது. ரயில் அதற்கென நிற்பதில்லை. ஆகவே, ரயிலில் செல்பவர் தங்குமிடத்திலேயே குளித்து இஹ்ராம் உடை அணிந்து, எல்லையைக் கடக்குமுன் நிய்யத்தும் தல்பியாவும் கூறிவிட வேண்டும். சற்றுக் கண்ணயர்ந்தால் வேகமான ரயில் எல்லையைத் தாண்டிவிடும். விரைவு கிட்டும்போது விழிப்பும் கூட வேண்டும்.

ரயிலிலேறினாலும் பஸ்ஸிலேறினாலும், ஜன்னலுக்கு வெளியே தெரிவது பெரும்பாலும் அதே கரிய மலைகளும் அதே மணலுமே. அவ்வழியே ஷுக்துஃபில் பன்னிரண்டு இரவுகள் சென்றவர்களும், வழிக்கு அஞ்சித் திரும்பியவர்களும், தாம் ஏறாத ரயிலுக்காகக் குர்பானித் தோலை விற்றுக் காசு கொடுத்தவர்களும் நம் முன்னோர்களே. அவர்களுக்காகவும் ஒரு துஆச் செய்வதற்கு இரண்டேகால் மணி நேரமும் போதும். ஆறு மணி நேரமும் மிகையாகாது.