நான்ஸி நகரத்துக் கதிர்கள்

பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் காலத்து இயற்பியல் பாடப் புத்தகத்தில் பெக்கரெல் இருந்தார், கியூரி தம்பதியர் இருந்தார்கள். ரெனே பிளோந்லோ இல்லை. பணி ஓய்வுக்குப் பிறகுதான் அவரைப் பற்றிப் படித்தேன். இந்தக் காலத்து ஆராய்ச்சிகளை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்கும் நண்பர்களுக்கு அவர் கதையைத்தான் சொல்கிறேன்.

பிளோந்லோ நான்ஸி பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். மின்காந்த அலைகளின் வேகத்தை அளந்து நல்ல பெயர் வாங்கியவர். 1895இல் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். மறு வருடமே பாரீசில் பெக்கரெல் யுரேனியத்திலிருந்து வரும் கதிரைக் கண்டார். இன்னொரு புதுக் கதிர் என்றால் யாரும் சந்தேகப்படாத காலம் அது. 1903இல் பிளோந்லோவும் ஒன்றை அறிவித்தார். தன் ஊரின் முதல் எழுத்தை வைத்து ‘என் கதிர்’ என்று பெயரிட்டார். (தமிழில் எழுதினால் சொந்தம் கொண்டாடுவது போல் ஆகிவிடுகிறது. அதுவும் பொருத்தம்தான்.)

இந்தக் கதிரை எப்படிப் பார்ப்பது? இருட்டறையில் ஒரு மங்கிய தீப்பொறியையோ, மினுங்கும் பூச்சையோ வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். கதிர் பட்டால் அதன் ஒளி சற்றே கூடும். கூடியதா இல்லையா என்று சொல்ல வேண்டியது பார்ப்பவரின் கண்தான்.

பிறகு பிரான்சில் ஆளாளுக்கு அதைப் பார்க்க ஆரம்பித்தார்கள். மனித நரம்பிலிருந்தும் தசையிலிருந்தும் அது வருகிறது என்றார் சார்பாந்தியே. உலோகத்துக்குக் குளோரோபாரம் கொடுத்தால் கதிர் அடங்கிவிடுகிறது என்று எழுதினார் பெக்கரெலின் மகன் ழான். உலோகத்துக்கு மயக்க மருந்து! மொத்தம் சுமார் 300 கட்டுரைகள் வந்தன. ஜெர்மனியில் ரூபன்ஸ், லும்மர், இங்கிலாந்தில் கெல்வின் போன்றவர்களுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. கண்ணைப் பழக்க வேண்டும் என்று அவர்களுக்குப் பதில் போயிற்று.

1904 செப்டம்பரில் அமெரிக்காவிலிருந்து ராபர்ட் உட் நான்ஸிக்கு வந்தார். அலுமினியப் பட்டகம் ஒன்று கதிரைப் பிரித்துக் காட்டுவதாகப் பிளோந்லோ இருட்டில் அளவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தார். உட் சத்தமில்லாமல் பட்டகத்தை எடுத்துவிட்டார். அளவுகள் மாறவில்லை. எஃகு அரம் இருக்க வேண்டிய இடத்தில் அதே அளவு மரக்கட்டையை வைத்தார். அப்போதும் கதிர் ‘வந்தது’. அந்த மாதமே ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்.

அதே ஆண்டு பிரெஞ்சு அறிவியல் அகாதெமி பிளோந்லோவுக்கு 50,000 பிராங்க் பரிசு கொடுத்தது. புதுக் கதிருக்காக என்று சொல்லாமல், அவருடைய மொத்தப் பணிகளுக்காக என்று எழுதியது. கோப்புகளில் குறிப்பு எழுதியே காலம் கழித்த எனக்கு அந்த வாசகத்தின் சாமர்த்தியம் நன்றாகப் புரிகிறது.

பிளோந்லோ மோசடிக்காரர் அல்ல. யோக்கியமான மனிதர். பார்க்க விரும்பியதைப் பார்த்தார், அவ்வளவுதான். அதனால்தான் அரசுக் கருவூலங்களில் பில் எழுதுபவர் ஒருவர், பாஸ் செய்பவர் வேறொருவர். எழுதியவரைத் திருடர் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனாலும் இரண்டாவது கை வேண்டும். ஆராய்ச்சியில் அந்த இரண்டாவது கைக்கு இன்றும் பெரிய மரியாதை கிடையாது. புதிதாகக் கண்டவருக்குப் பதவி உயர்வு, திரும்பச் செய்து பார்த்தவருக்கு என்ன? 2015இல் 100 உளவியல் ஆய்வுகளைப் பலர் சேர்ந்து மறுபடி செய்து பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் தேறியது. இந்தச் செய்தியைக் காட்டி அறிவியலே பொய் என்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த எண்ணிக்கையை வெளியிட்டதும் ஆய்வாளர்கள்தானே!

பிளோந்லோவுக்கும் 1906இல் அப்படியொரு வாய்ப்பு வந்தது. ‘ரெவ்யூ சியாந்திஃபிக்’ என்ற பத்திரிகை, எடையிலும் தோற்றத்திலும் ஒரே மாதிரியான இரண்டு மூடிய பெட்டிகளைத் தருகிறோம், ஒன்றில் எஃகு, மற்றதில் ஈயம், எதிலிருந்து கதிர் வருகிறதென்று சொல்லுங்கள் என்றது. இவ்வளவு நுட்பமான விஷயத்துக்கு அந்தச் சோதனை சரிப்படாது என்று மறுத்துவிட்டார்.

பைத்தியம் பிடித்துச் செத்தார் என்று சிலர் எழுதியிருப்பது கட்டுக்கதை. 1909இல் ஓய்வு பெற்று, 1930 வரை அதே ஊரில் இருந்தார். வீட்டையும் தோட்டத்தையும் நகரத்துக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். நான்ஸியில் இன்றும் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.